வின் உங்களுக்கு, பிளேஸ் எனக்கு

என் ஆசை வீட்டுக்காரருக்கு,

நீங்கள் இருந்தபோதே உங்கள் பெயரை நான் சொன்னதில்லை, இப்போது மட்டும் வாயில் வருமா? நான்தான். வேறு யார் உங்களுக்கு எழுதப் போகிறார்கள்?

நேற்று உங்கள் முதல் வருஷத் திதி. ஓமலூரிலிருந்து உங்கள் பெரிய அண்ணன் வந்திருந்தார். சாப்பாடு முடிந்ததும் உங்களைப் பற்றி ஆரம்பித்தார். காடு, கிணறு, கோழிப்பண்ணை என்று எல்லாவற்றையும் பாராட்டிவிட்டுக் கடைசியில், "சீட்டு, குதிரைன்னு ஒரு நாளாவது போயிருப்பானுங்களா எந்தம்பி?" என்றார்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குனிந்தேன். தோள் குலுங்கியதைப் பார்த்து அழுகிறேன் என்று நினைத்த உங்கள் தங்கை ஓடி வந்து முதுகைத் தடவினாள். "அழுகாதீங்க அண்ணி. அண்ணனாட்டம் ஒழுக்கமான மனுசன் யாருங்க இருக்கறாங்க?" என்றாள். நிமிர்ந்து உங்களைத் தேடினேன். இந்த மாதிரி நேரத்தில் எதிரே உட்கார்ந்து கண்ணைக் காட்டுவீர்களே. அப்போதுதான் நிஜமாகவே அழுதேன்.

ஊரைப் பொறுத்தவரை நாம் பெங்களூர் போனதெல்லாம் கண் டாக்டரைப் பார்க்கத்தான். ரேஸுக்குப் போகிற குடும்பம் என்று தெரிந்தால் நம் பக்கத்தில் யார் பெண் கொடுத்திருப்பார்கள்? அதனால் என் கண்ணில் நரம்புக் கோளாறு என்று ஒரு கதை கட்டினீர்கள். மருமகள் அதை இன்னும் நம்பி, என்னை ஊசியில் நூல் கோக்கக்கூட விடுவதில்லை.

முதல் தடவை போனபோது பஸ்ஸிலேயே எனக்குப் பாடம் நடத்தினீர்கள். "மொதப் பந்தியில எடம் புடிச்சாத்தான் வின்னு. பிளேஸுன்னா மூணாம் பந்தி வரைக்கும் உனக்குச் சோறு உண்டு புள்ள, கொழம்புதான் தண்ணியா இருக்கும்" என்றீர்கள். ஃபோர்காஸ்ட் என்றால் முதலில் எது, இரண்டாவது எது என்று வரிசை மாறாமல் சொல்ல வேண்டும். ஜாக்பாட் என்றால் அடுத்தடுத்து ஐந்து பந்தயத்திலும் ஜெயிக்கிற குதிரையைச் சொல்ல வேண்டும். அது மனுசனுக்கு ஆகிற காரியமா என்று கேட்டேன். ஆனாலும் போகும்போதெல்லாம் அதில் ஒன்று வாங்காமல் நீங்கள் திரும்பியதில்லை.

அந்தக் கறுப்புக் குதிரைக்காக மாரியம்மன் கோயிலில் பூ போட்டுக் கேட்டீர்களே. கல்யாணத்துக்கும் கிணறு வெட்டவும் கேட்கிற பூ. என்ன காரியம் என்ற பூசாரியிடம் நல்ல காரியம் என்று மழுப்பினீர்கள். இரண்டு பொட்டலத்தில் ஒன்றை எடுத்துப் பிரித்தால் வெள்ளைப் பூ, அம்மனுக்குச் சம்மதம். கையில் இருந்ததையெல்லாம் வின்னில் கட்டினீர்கள். குதிரை இரண்டாவதாக வந்தது.

கிருஷ்ணகிரி வரை அம்மன்மேல் கோபமாக உட்கார்ந்திருந்தீர்கள். "குதிரையைக் கேட்டீங்க. வின்னா பிளேஸான்னு கேக்கலைங்களே" என்றேன். பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தீர்கள். அன்றிலிருந்து ஒரே குதிரையில் வின் உங்களுக்கு, பிளேஸ் எனக்கு. பல நாள் ஊர் திரும்ப டிக்கெட் எடுத்தது என் பிளேஸ்தான், மறக்க வேண்டாம்.

இப்போதும் பேப்பரில் பந்தய முடிவைத் தேடிப் படிக்கிறேன். அந்தக் கறுப்பனின் குட்டி ஒன்று பெங்களூரில் ஜெயித்ததாம். படித்துவிட்டு உங்களைக் கூப்பிட வாயெடுத்தேன்.

வீடு நிறைய ஆள் இருக்கிறார்கள். எல்லோரும் ஒரு ஒழுக்கமான மனிதரைப் பற்றிப் பேசுகிறார்கள். அவரை எனக்கு அவ்வளவாகத் தெரியாது. நான் குடித்தனம் நடத்தியவரைப் பற்றி நான் யாரிடம் பேசுவேன்?

இன்று காலை மருமகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அடுத்த மாசம் பெங்களூர் டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறனுங்க அத்தை. மாமா இல்லைன்னு கண்ணைக் கவனிக்காம உட்டுட முடியுங்களா?" என்றாள். சரி என்றேன்.

பஸ் கிளம்பியதும் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன், இது சத்தியம். ஒரு வருஷமாகக் காப்பாற்றிய உங்கள் நல்ல பெயர் தர்மபுரி தாண்டுவதற்குள் போய்விடும். கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் யாரென்று தெரிந்த ஒருத்தி இந்த வீட்டில் எனக்கு வேண்டும்.

உங்கள் பெண்டாட்டி