ஏழாம் தடத்துச் சிவப்புப் பலகை

நவம்பர் 9, 2094. காலை 5.40

எழுந்ததும் முதல் வேலையாக ஏழாம் தடத்தின் சிவப்புப் பலகையைத் துடைத்தேன். உப்பு படிந்தால் எழுத்து மறைந்துவிடுகிறது: "அடியில் ஆள் வேலை செய்கிறார். அமலன்."

மின்சாரம் குறைவு. பழுதுபார்க்கும் குழியின் பம்பு ஓடுகிறது.

இதைக் கண்டெடுப்பவருக்கு: இது புறநகர் ரயில்களின் யார்டு. அதற்கு முன் உப்பளம். காலை நெரிசல் முடிந்து வரும் வண்டிகள் பகலில் இங்கே நிற்கும், மாலையில் மறுபடி கிளம்பும். கடல் ஏறியபின் ஊரைக் காலி செய்யத்தான் அவை ஓடின. மூன்று வண்டிகள் மேற்கே போய்விட்டன. மிச்சம் ஏழாம் தடத்தில் நிற்கும் இது ஒன்றுதான்.

காலை 11.15

கட்டுப்பாட்டு அறையிலிருந்து இருதயராஜ்: "மேடம், சிப்பிமேடு ஸ்டேஷன்ல முந்நூறு பேர் நிக்கிறாங்க. ஏழாம் லைன் வண்டி எப்ப கிளம்பும்?"

மோட்டாரில் கோளாறு என்றேன். கோளாறு ஏதும் இல்லை.

மதியம் 2.30

வண்டிக்கு அடியில் உள்ள குழியில் இறங்குபவர் தன் பெயர்ப் பலகையை மாட்டிவிட்டுத்தான் இறங்குவார். அது தொங்கும்வரை வண்டி நகராது. குழியில் நீர் ஏறாமல் பம்பு ஓடும். யார்டை நடத்தும் இயந்திரத்துக்கு இந்த விதியைக் கற்றுக்கொடுத்தவள் நான். விதிவிலக்கே கூடாது என்றவர் என் கணவர் அமலன். "மந்திரியே வந்தாலும் நான் மேல வந்தப்புறம்தான் வண்டி நகரணும், தேவி."

போன செவ்வாய்க்கிழமை அலைச்சுவர் உடைந்தபோது அவர் குழியில் இருந்தார். நீர் வடிந்தபின் தேடினேன். கடலுக்குப் போகும் வடிகாலின் வாயில் அவருடைய ஹெல்மெட் கிடைத்தது. அவ்வளவுதான்.

மாலை 5.05

இருதயராஜ்: "சிப்பிமேட்டுல தண்ணி படிக்கட்டு ஏறிடுச்சு. பெரியவர் ஒருத்தர் சீசன் டிக்கெட்ட கையில வெச்சுக்கிட்டு, இது செல்லுமான்னு கேக்குறாராம். என்னத்தச் சொல்ல?"

பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"அக்கா. மோட்டார் நல்லாத்தான் இருக்கு. காலையிலயே என் ஸ்கிரீன்ல பாத்துட்டேன். நான் எதுவும் கேக்கல."

மாலை 5.20

பலகையைக் கழற்றக் கை வைத்தேன். இயந்திரம் கேட்கிறது: "இறங்கியவர் மேலே வந்துவிட்டாரா?" ஷிப்ட் பொறுப்பாளர் பதில் சொல்ல வேண்டும். நான்தான் பொறுப்பாளர்.

இல்லை என்று சொன்னால் பம்பு ஓடும். ஆம் என்றால் அந்த மின்சாரம் வண்டிக்குப் போகும், குழி நிரம்பும். வேறு பதிலை அதற்கு நான் கற்றுத்தரவில்லை.

குழிக்குள் குனிந்து அவரைக் கூப்பிட்டேன். இரண்டு முறை. பம்பின் சத்தம்தான்.

இருதயராஜிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

இயந்திரத்திடம், வந்துவிட்டார் என்று சொல்லப்போகிறேன்.