தந்தூரி அடுப்பில் வெந்த ஃபில்டர்

ஃப்ரெஸ்னோ
செப்டம்பர் 21

அன்பு மகள் ரவ்னீத்துக்கு அம்மா எழுதுவது. வாகேகுரு கிருபையில் இங்கே நானும் உன் அப்பாவும் சுகம், கொல்லையில் எலுமிச்சை மரமும் சுகம், அங்கே மினசோட்டாவில் நீயும் இருமல் சளி இல்லாமல் சுகமாக இருக்க வேண்டும். இந்த வீட்டில் லாரிக்கு மட்டும்தான் உடம்பு சரியில்லாமல் போயிற்று. போனில் சொல்ல ஆரம்பித்தால் "மீட்டிங் இருக்கும்மா" என்கிறாய், கடிதத்துக்கு மீட்டிங் கிடையாது, முழுக்கப் படி.

போன மாதம் அப்பா பாதாம் லோடு ஏற்றிக்கொண்டு வரும்போது வண்டியில் மஞ்சள் விளக்கு எரிந்தது. புகைக் குழாயில் கரியைப் பிடித்து வைக்க ஒரு ஃபில்டர் இருக்கிறதே, அது அடைத்துக்கொண்டதாம். செப்டம்பர் 18க்குள் புகை டெஸ்டில் தேறாவிட்டால் வண்டியை ரோட்டில் எடுக்க முடியாது, எடுக்க முடியாவிட்டால் விற்க வேண்டியதுதான், விற்றால் உன் அப்பா இந்த வயதில் உன் சித்தப்பாவின் கம்பெனியில் டிரைவராகப் போக வேண்டியதுதான். சித்தப்பா இருபது வண்டிக்காரர் இல்லையா, விஷயம் கேள்விப்பட்டதும் போன் செய்து "அண்ணனுக்கு நம்மகிட்ட எப்பவும் ஒரு சீட் இருக்கு அண்ணி" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அதற்குப் பிறகு இரண்டு நாள் உன் அப்பா சாப்பாட்டில் உப்பே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். உப்பு இருந்தது.

கடையில் புது ஃபில்டருக்குச் சொன்ன விலையைக் கேட்டு நான் இரண்டு தடவை திருப்பிக் கேட்டேன், இரண்டு தடவையும் அதையே சொன்னார்கள். பதினாலு வருஷத்து இன்ஜினுக்கு ஸ்டாக் வைப்பதில்லை, வர ஆறு வாரம் ஆகும் என்றும் சேர்த்துச் சொன்னார்கள். அந்த நேரம் பார்த்து உன் ஜக்தார் மாமா வந்தான். "எதுக்கு அத்தான் இப்படி அலையுறீங்க, டப்பாவ அறுத்து உள்ள இருக்கறத நோண்டி எடுத்துட்டுத் திரும்ப வெல்டு வச்சிருவோம், வண்டி பறக்கும், கம்ப்யூட்டருக்குப் பொய் சொல்லிக் குடுக்குற ஆளு ஒருத்தன் எனக்குத் தெரியும்" என்றான். உன் அப்பா டீ கிளாஸைக் கீழே வைத்து "மாட்டேன்" என்றார். ஏன் என்று மாமா கேட்டான், நானும் கேட்டேன். "மாட்டேன்னா மாட்டேன்" என்றார். அபராதத்துக்குப் பயப்படுகிறார் என்று நினைத்து நானும் விட்டுவிட்டேன்.

மாமா விடுகிற ஆளா. ஃபில்டரைச் சுத்தம் செய்கிற கடைகளில் அதை அடுப்பில் வைத்துச் சுட்டுத்தான் கரியை எரிக்கிறார்கள் என்று எங்கேயோ கேட்டிருக்கிறான். "அடுப்பு நம்மகிட்ட இல்லாததா?" என்றான். ஹைவேயில் அவன் நடத்தும் தாபா சாப்பாட்டுக் கடையில் இருக்கும் தந்தூரி அடுப்பு உனக்குத் தெரியும். இதற்கு மட்டும் உன் அப்பா எப்படித் தலையாட்டினார் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. அந்தப் பெரிய இரும்பு டப்பாவைச் சங்கிலி கட்டி அடுப்புக்குள் இறக்கி இரண்டு மணி நேரம் வேக வைத்தார்கள். வியாபாரம் கெடக்கூடாது என்று பக்கச் சுவரில் ரொட்டியும் போட்டார்கள். மூன்று டிரைவர்கள் சாப்பிட்டார்களாம், இரண்டு பேர் ஒன்றும் சொல்லவில்லை, ஒருவர் இது என்ன மசாலா என்று கேட்டாராம். டப்பா சிவந்துபோய் வெளியே வந்தது. சீக்கிரம் ஆறட்டும் என்று மாமா ஹோஸ் பைப்பை எடுத்துத் தண்ணீர் அடித்தான். உள்ளே இருப்பது பீங்கான் மாதிரிப் பொருள், "டக்" என்று ஒரு சத்தம்தான் கேட்டது. மாமா குனிந்து விரிசலைப் பார்த்துக்கொண்டே "கரி சுத்தமாப் போயிருச்சு அத்தான்" என்றான்.

அதற்கப்புறம் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். பதினேழு இடத்துக்கு போன் செய்தேன். பழைய பாகங்கள் விற்கும் யார்டில் மலிவாக இருந்தது, ஆனால் கலிஃபோர்னியாவில் செல்லும் என்கிற முத்திரை எண் அதில் இல்லை. பதினெட்டாவதாக பேக்கர்ஸ்ஃபீல்டு கடையில் டார்லீன் என்று ஒரு பெண்மணி எடுத்தாள். "ஒண்ணே ஒண்ணு கெடக்கு கண்ணு, முத்திரையெல்லாம் இருக்கு, அட்டைப்பெட்டி நசுங்கிப்போச்சுன்னு யாரும் தொடல, பாதி விலைக்குத் தர்றேன், ஆனா இன்ஜின் தகட்டுல இருக்கற நம்பரைப் படிக்காம பில்லு போட மாட்டேன்" என்றாள். தகட்டின் மேல் பதினாலு வருஷத்து எண்ணெய்ப் பிசுக்கு. அப்பாவின் பழைய தலைப்பாகைத் துணியால் துடைத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இன்ஜினுக்குள் தலையை விட்டு போனில் அவளுக்கு எண்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். எல்லாம் பொருந்தியது. நான் அங்கேயே அழுதுவிட்டேன். டார்லீன், புகை கசியாமல் நடுவில் வைக்கிற கேஸ்கெட்டும் சேர்த்து வைக்கட்டுமா என்று கேட்டாள், வை என்றேன்.

பதினேழாம் தேதி மாட்டினார்கள், பதினெட்டாம் தேதி வண்டி தேறிவிட்டது. சித்தப்பா வீட்டுக்கு ஒரு டப்பா லட்டு கொடுத்தனுப்பினேன்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது. நேற்று வண்டியைத் துடைக்கும்போது டிரைவர் சீட்டுக்கு மேலே வெயில் மறைப்பை இறக்கினேன், உன் நீல இன்ஹேலர் மடியில் விழுந்தது. 2013லேயே தேதி முடிந்தது. இதை எதுக்கு இன்னும் வச்சிருக்கீங்க என்று கேட்டேன். உன் அப்பா டயரைக் கழுவிக்கொண்டே, "அந்த டப்பாவ நோண்டி எடுத்திருந்தா கரியெல்லாம் எங்க போகும், இந்த ஊர்க் காத்துலதானே கலக்கும்" என்றார். பாதாம் அறுவடைத் தூசியில் உனக்கு மூச்சு இழுக்கும்போது நாங்கள் மாறி மாறி உன் முதுகை நீவிக்கொண்டு உட்கார்ந்திருந்ததெல்லாம் எனக்கு நினைவு வந்தது. இருந்தாலும் விடாமல், அவதான் இங்க இல்லையே, வந்தே மூணு வருஷமாச்சே என்றேன். "வருவாள்ல" என்றார். அடுத்த டயருக்குப் போய்விட்டார்.

குரு உன்னை எப்போதும் கூட இருந்து காக்கட்டும், நல்ல உடம்பும் நிறைந்த ஆயுளும் தரட்டும். குளிரில் காதை மூடிக்கொள். மாமா தாபாவில் இப்போது ரொட்டி நன்றாகவே இருக்கிறது. டிசம்பருக்கு டிக்கெட் போட்டுவிட்டுச் சொல், வரும்போது புது இன்ஹேலர் கொண்டு வா, பழையதை அவர் இருந்த இடத்திலேயே திரும்பச் செருகிவிட்டார், கேட்டாலும் தர மாட்டார். மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட உன்னை வா என்று அவர் கூப்பிடவில்லை என்று எனக்கு அவர் மேல் கோபம் இருந்தது. இப்போது இல்லை.

இப்படிக்கு,
உன் அம்மா
அமர்ஜோத் கௌர்