கேமராவும் பாம்பாம் மாமாவும்

அன்புள்ள வாண்டுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், அப்பா நலம், அப்பாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முணுமுணுக்கிறது. அங்கே நீயும் உன் சைக்கிளும் கீறல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். டாக்ஸிக்காரர் உன் கைப்பிடியை உரசித் தள்ளிவிட்டு, நீதான் குறுக்கே வந்தாய் என்று சாதித்த கதையை நீ சொன்னதிலிருந்து இந்த வீட்டில் வேறு பேச்சே இல்லை. ஹெல்மெட்டில் ஒரு கேமரா மாட்டிக்கொள்ளட்டுமா, பார்க்கிறவர்கள் என்னை உளவாளி என்று நினைப்பார்களோ என்று கேட்டாயே, போனை வைத்த கையோடு அப்பா தீர்ப்பு எழுதிவிட்டார், முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு வாங்கச் சொல்லு என்று. சித்தி அதற்கு நேர் எதிர், ரோட்டுல போறவங்க மூஞ்சியெல்லாம் கேக்காம படம் புடிக்கிறது நல்லாவா இருக்கு, நம்மள யாராவது அப்படிப் புடிச்சா சும்மா இருப்போமா என்கிறாள். நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் இருபத்தெட்டு வருஷமாக உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கும். போனில் சொன்னால் நீ நடுவில் ஏதாவது கேட்பாய், நான் பாதியில் நழுவிவிடுவேன். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

அப்போது டெலிபோன் நிலையத்தில் எனக்குக் காலை எட்டு மணி வேலை. என் சைக்கிளின் பின்னால் அப்பா உனக்கு ஒரு பிரம்பு இருக்கை கட்டிக்கொடுத்திருந்தார், பழைய கோட் ஒன்றைக் கிழித்து நான் அதற்கு மெத்தை தைத்தேன். உன்னைப் பாலர் பள்ளியில் இறக்கிவிட்டு நான் வேலைக்குப் போவேன். மில் சுவர் ஓரமாகவே ரொம்ப தூரம் போக வேண்டும், நீ என் முதுகுச் சட்டையை இரண்டு கையாலும் கொத்தாகப் பிடித்துக்கொண்டு கேள்வியாகக் கேட்டுத் தள்ளுவாய். இந்தச் சுவர் எங்கம்மா போகுது, அதுக்கு வீடு இல்லையா என்பாய். எனக்கு மூச்சு வாங்கும், பதில் சொல்லாவிட்டால் முதுகில் ஒரு குத்து விழும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து பார்த்தால் சட்டையின் பின்பக்கம் உன் பத்து விரல் அழுக்கும் அச்சாக இருக்கும். எத்தனை சட்டை அப்படிப் பாழாய்ப் போயிற்று, ஒன்றையாவது துவைக்காமல் வைத்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

உன் தாடையில் இருக்கும் தையல் தழும்பு சலவைக்கடை வேன் இடித்து வந்தது என்றுதான் உனக்குச் சொல்லியிருக்கிறேன். இடித்தது உண்மை. மில் சுவர் முடிந்து தையல்கடைக்கு எதிரில் வலது பக்கம் திரும்பும் இடம். பின்னால் வந்த வேன் டிரைவர் பிரேக்கை மிதித்தும் வண்டி வழுக்கி நம் பின்சக்கரத்தில் மோதியது, நீ விழுந்தாய், உன் தாடை கிழிந்து என் சட்டையெல்லாம் ரத்தம். கூட்டம் கூடியது, போலீஸ்காரரும் வந்தார். டிரைவர், அந்தம்மா கை காட்டலைங்க சார், சட்டுனு திரும்பிட்டாங்க என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தைக் கேட்காதே. நான் கை காட்டினேன் என்று தெருவே அதிரக் கத்தினேன். அதைப் பொய் என்று தெரிந்து சொல்லவில்லை, வாண்டு. தினமும் காட்டுகிறவள் அன்றைக்கு மட்டுமா காட்டாமல் இருந்திருப்பேன் என்று நானே நம்பினேன். தையல்கார அண்ணன் கழுத்தில் அளவு நாடாவோடு ஓடிவந்து, நான் பாத்தேன் சார், கை காட்டுனாங்க என்று சாட்சியும் சொல்லிவிட்டார். அன்றைக்கே சலவைக்கடை முதலாளி டிரைவரிடமிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டு, துணி வேகவைக்கும் அறைக்கு அவரை அனுப்பிவிட்டார்.

மூன்று வாரம் கழித்து, தைக்கக் கொடுத்த சட்டையை வாங்கத் தையல்கடைக்குப் போனேன். நல்லவேளை நீங்க பாத்தீங்க அண்ணே என்றேன். அவர் சிரித்தார். நான் எங்கம்மா பாத்தேன், ஊசியில நூல் கோத்துக்கிட்டிருந்தேன், சத்தம் கேட்டுத்தான் தலையத் தூக்குனேன், உங்களத் தெரியாதா எனக்கு, அந்த நம்பிக்கையில சொன்னேன் என்றார். அவரைத் திட்டவும் தோன்றவில்லை. கடை வாசலிலேயே நின்று அந்த வளைவைப் பார்த்தேன், அப்போதுதான் எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அன்றைக்கு அந்த வளைவில்தான், என் மூக்கு எனக்கு ஏம்மா தெரியல என்று நீ கேட்டாய். நான் சிரித்துக்கொண்டே திரும்பி, இதோ இருக்கு பார் என்று உன் மூக்கைத் தொட்டேன். வலது கையால். காட்ட வேண்டிய கை உன் மூக்கின் மேல் இருந்தது.

வீட்டில் சொன்னபோது, முடிஞ்சதைக் கிளறாதே என்றார் அப்பா. நான் கேட்கவில்லை. மறுநாள் உன்னைப் பின்னால் உட்காரவைத்து, ஏறி ஓட்டத் தைரியம் இல்லாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே சலவைக்கடைக்குப் போனேன். ஆவிக்குள் அந்த மனிதர் மரக்கட்டையால் படுக்கை விரிப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தார், முழங்கை வரை வெந்து சிவந்திருந்தது. முதலாளியையும் கூப்பிட்டு, கை காட்டலை, தப்பு என்னோடது என்று இரண்டு பேர் முன்னாலும் சொன்னேன். சாட்சி சொன்னாரே என்றார் முதலாளி. அவர் ஊசியப் பாத்துக்கிட்டிருந்தாராம் என்றேன். டிரைவர் கோபப்படுவார், நாலு வார்த்தை கேட்பார் என்று தயாராகத்தான் போயிருந்தேன். அவர் ஒரு துணி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். மூணு வாரமா எனக்கே சந்தேகம் வந்திருச்சும்மா, நான்தான் பாக்காம ஓட்டிட்டேனோன்னு, வீட்லயும் யாரும் நம்பல என்றார். இன்றைக்கும் அந்தக் குரல் என் காதில் இருக்கிறது. போலீசிலும் போய் எழுதிக் கொடுத்தேன். அவருக்குச் சாவி திரும்பக் கிடைத்தது. அதற்கப்புறம் நம்மைத் தாண்டும்போதெல்லாம் வேகத்தைக் குறைத்து, தள்ளி ஒதுங்கி, பாம் பாம் என்று இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டுப் போவார், நீ கையை ஆட்டுவாய். ஆமாம், உன் பாம்பாம் மாமா அவர்தான். பிறந்தநாளுக்கு அவரைக் கூப்பிட்டே ஆக வேண்டும் என்று அழுது புரண்டாயே. அவர் நமக்கு என்ன சொந்தம் என்று போன வருஷம்கூடக் கேட்டாய், தெரிஞ்சவர் என்று மழுப்பினேன்.

அதனால் கேமராவை மாட்டிக்கொள். அன்றைக்கு என்னிடம் ஒன்று இருந்திருந்தால் அந்த மனிதர் மூன்று வாரம் தன் கண்ணையே சந்தேகப்பட்டிருக்க மாட்டார். ஆனால் ஒன்று, அது டாக்ஸிக்காரரை மட்டும் பார்க்காது, உன்னையும் பார்க்கும். தப்பு உன் பக்கம் என்று அது காட்டினால் அழித்துவிடாதே, போய்ச் சொல்லிவிடு. சித்தி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, யார் முகத்தையும் ஊர் சிரிக்கப் போடாதே. கேமரா இருக்கிற தைரியத்தில் வண்டிக்காரர்களோடு மல்லுக்கு நிற்காதே, ஒதுங்கிப் போகிறவளுக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

ஒன்று மட்டும் மனதை அறுக்கிறது. நாலு வருஷம் நீ என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து வந்தாய், அப்போது உன் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அதற்கப்புறம் நீ என்ன கேட்டாலும் ரோட்டைப் பார்த்தே பதில் சொன்னேன்.

நீ நீண்ட ஆயுளோடு, நல்ல மனதோடு இருக்க வேண்டும், போகிற வழியெல்லாம் உனக்கு இடம் விட வேண்டும் என்று அப்பாவும் நானும் வாழ்த்துகிறோம். பின் விளக்கின் பேட்டரியை மறக்காமல் மாற்று. கேமரா வாங்கியதும், ஒன்றுமே நடக்காத ஒரு காலையை அப்படியே எனக்கு அனுப்பு, நீ வேலைக்குப் போவதை நான் முழுசாகப் பார்க்க வேண்டும்.

என்றும் உன்
அம்மா