ரிப்போர்ட் நார்மல்

ராஜபாளையம்
4.3.1991

அன்புத் தம்பி ஹுமாயூனுக்கு அக்காவின் சலாம். அரைமணி நேர பஸ் தூரத்தில் இருந்துகொண்டு கடுதாசி எழுதுகிறோம், வெட்கக்கேடு! உன் கல்யாணத்துக்கு முறையாக அழைக்கவில்லை என்று உன் மச்சானுக்கு இன்னும் கோபம். “அவன் படியேறக் கூடாது” என்கிறார்.

கால் வீங்குகிறதே என்று டாக்டரிடம் ரத்தம் கொடுத்தேன். கிரியாட்டினின் ஒன்றுதானாம், கிட்னி நார்மலாம். போன வருஷம் நோன்பு விட்டதே மனசை அரிக்கிறது. இந்த வருஷம் ஒன்றுவிடாமல் பிடிக்கணும்.

அசீனா

ஸ்ரீவில்லிபுத்தூர்
8.3.1991

அன்புள்ள அக்காவுக்கு சலாம். இங்கே பெரிய டாக்டரிடம் விசாரித்தேன். “அக்கா எம்புட்டு எடை?” என்றார். முப்பத்திரண்டு கிலோ என்றதும் முகம் மாறிவிட்டது. உடம்பில் சதை இருந்தால்தான் அந்தக் கிரியாட்டினின் சரக்கு ரத்தத்தில் ஊறுமாம். எலும்பும் தோலுமான ஆளுக்கு ஒன்று என்பதே அதிகமாக இருக்கலாமாம். ஒரு பகல், ஒரு ராத்திரி மூத்திரம் முழுதும் கேனில் பிடித்து லேபில் கொடு. அதுவரை நோன்பு வேண்டாம். எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா.

ஹுமாயூன்

ராஜபாளையம்
16.3.1991

தம்பிக்கு சலாம். கேன் கொடுத்து ரிசல்ட்டும் வந்தாச்சு. கிட்னி ஜோராக வேலை செய்கிறதாம்! உன் பெரிய டாக்டரிடம் போய்ச் சொல்லு.

நாலு குடித்தனம் இருக்கிற வளவில் கேனை ஒளித்து வைப்பதற்குள் மானம் போச்சு. அதுவும் கால்வாசிகூட நிறையவில்லை. நோன்புக் கஞ்சித் தூக்கைக்கூட அரைகுறையாகக் கொடுத்தனுப்பி நமக்குப் பழக்கமா? “ஏட்டி மாஜிதா, செத்த நேரம் வா” என்று மகளைக் கூப்பிட்டேன். அவள் சிரித்துச் சிரித்து நிரப்பினாள்.

பிறை தெரிந்தால் நோன்பு. வாய்தான் துருப்பிடித்த இரும்பைச் சப்பினதுபோல் கசக்கிறது.

அசீனா

ஸ்ரீவில்லிபுத்தூர்
21.3.1991

அக்கா, அந்த ரிசல்ட்டில் முக்கால்வாசி மாஜிதாவுடைய கிட்னி! டாக்டர் தலையில் கைவைத்துவிட்டார். உடனே மதுரைக்குப் போகணுமாம்.

இதைச் சொல்லத்தான் நேற்று வந்தேன். மச்சான் வாசலிலேயே மறித்து, “ரிப்போர்ட் நல்லாத்தான இருக்கு? நோன்பாளியைப் பயமுறுத்த வாரியாக்கும்?” என்று கதவைச் சாத்திவிட்டார். அம்மா உறங்குகிறாள் என்று மாஜிதா ஜன்னல் வழியாகச் சொன்னாள். காலை பதினொரு மணிக்கு என்ன உறக்கம்? உன் காலில் விழுகிறேன், நோன்பை விடு. நோயாளிக்கு அல்லாஹ்வே சலுகை தந்திருக்கிறான்.

ஹுமாயூன்

ராஜபாளையம்
29.3.1991

ஹுமாயூனுக்கு உன் மச்சான் பீர் மைதீன் எழுதுவது. பஸ் கண்டக்டர் வசம் கொடுத்தனுப்புகிறேன். உன் கடுதாசியை நான்தான் பிரித்தேன். நம்பவில்லை, அவளிடமும் காட்டவில்லை.

நேற்று வரை நோன்பு பிடித்தாள். இன்று விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு எழுப்பினால் என்னை யாரென்று கேட்கிறாள். மாஜிதாவை “அம்மா” என்கிறாள். இப்போது கூப்பிட்டால் கண்ணே திறக்கவில்லை. உடனே காரோடு வா. ரிப்போர்ட்டில் நார்மல் என்றுதான் போட்டிருக்கிறது மாப்பிள்ளை, நான் என்ன கண்டேன்?