சூட்கேசுக்குள் பிணைச்சல்கள்

1998 மே 10, ஞாயிறு

இன்றும் கிருலப்பனையில் வீடு கட்டுகிற இடத்தில்தான். மேசன் மர்ஸூக் பாஸ் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரவில்லை. கிராண்ட்பாஸில் அவருடைய சொந்தக்காரர் யாருக்கோ கலியாணமாம். அதைக்கூடக் காவலுக்கு இருக்கும் பழனிமுத்துதான் சொன்னார். அரைச் சுவரையும் மணல் கும்பியையும் பார்த்துக்கொண்டு மத்தியானம் வரை நின்றேன். நான் நின்றால் சுவர் வளருமா?

வீட்டுக்கு வந்தால் — வீடென்ன வீடு, வெள்ளவத்தையில் ஒரு அறையும் குசினியுமாக இந்த வாடகை அனெக்ஸ் — இவர் கட்டிலில் சூட்கேசைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார். மலிவாகக் கிடைத்ததென்று போன மாதம் வாங்கிய கதவுப் பிணைச்சல், கொண்டி, பூட்டு எல்லாம் அதற்குள்தான் கிடக்கின்றன. வேறு எங்கே வைக்கிறது?

"இஞ்சேரும், சூட்கேசுக்கை இரும்புக்கடை திறந்திருக்கிறீர் போல?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் மூடும்போது சத்தமாக மூடினார்.

இவர் ரயில்வேயில் கிளார்க். வருசா வருசம் ரயிலில் இலவசமாகப் போய்வர ஒரு வொறன்ற் கிடைக்கும். அதை எழுதுவித்து இரண்டு பேரும் எங்காவது போய் வருவது கலியாணம் முடித்த வருசத்திலிருந்து வழக்கம். முதலில் யாழ்ப்பாணம். அந்தப் பாதை அடைபட்ட பிறகும் கண்டி, மாத்தறை, பதுளை என்று இவர் விடவில்லை. அத்திவாரம் வெட்டியதிலிருந்து நான்தான் விடவில்லை. பாவிக்காத வொறன்ற் வருசக் கடைசியோடு செத்துப்போகும். ஒவ்வொரு டிசம்பரிலும் இவர் முகம் செத்தவீட்டு முகமாகத்தான் இருக்கும்.

மே 11

கால் வீங்கியிருக்கிறது. கந்தோரில் மேசைக்குக் கீழே செருப்பைக் கழற்றிவிட்டு வேலை செய்தேன்.

ஜூன் 14

மகன் கேதீஸ் ரொறன்ரோவிலிருந்து ரெலிபோன் எடுத்தான். மேல்மாடி வரைபடத்தைப் பற்றி நான்தான் கதைத்தேன். வெளியால் தனிப் படிக்கட்டு, இரண்டு அறை, முன்னால் பல்கனி. "ஓம் அம்மா, ஓம் அம்மா" என்றான். பின்னால் மருமகள் ஏதோ கேட்டாள். பிறகு எடுக்கிறேன் என்று வைத்துவிட்டான்.

பத்தொன்பது வயதில் அனுப்பிய பிள்ளை. பொலிசோ ஆமியோ பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயத்தில் நானே கட்டுநாயக்கா விமான நிலையம் வரை கொண்டுபோய் விட்டேன். திரும்பி வரும்போது வேனுக்குள் இவரிடம் சொன்னது இன்றைக்கும் நினைவிருக்கிறது. அவன் வந்து இருக்கிறதுக்கு ஒரு இடம் கட்டாமல் நான் சாகமாட்டேன் என்றேன். எட்டு வருசம். கீழ்த்தளம் எங்களுக்கு, அது எப்படி இருந்தாலும் காரியமில்லை. மேல்மாடிதான் வீடு.

ஜூலை 19

சண்டை. பெரிதாக ஒன்றுமில்லை. காலிப் பக்கம் ஒரு நாள் போய் வருவோமா என்று கேட்டார். கதவு நிலைகளுக்கு மேலே லின்ரல் போடுகிற கிழமை, எப்படிப் போவது என்றேன்.

"வீடு முடியட்டும், வீடு முடியட்டும் எண்டு... வீடு முடியேக்கை நாங்களும் முடிஞ்சிடுவமப்பா."

"அப்ப போங்கோவன். தனியப் போங்கோ. ஆர் மறிச்சது?"

போகவில்லை. கடற்கரைக்குப் போய்த் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்துவிட்டு, பேப்பரில் சுற்றிய கடலைச் சரையோடு வந்தார். எனக்கும் பாதி மிச்சம் வைத்திருந்தார். கோபத்தில் தின்னவில்லை. இப்போது எழுதும்போது தின்கிறேன்.

ஓகஸ்ட் 27

பழனிமுத்துவைப் பதிய இவர் அரைநாள் லீவு போட்டுப் பொலிசுக்குப் போனார். கொழும்பில் எந்தத் தமிழ் ஆள் எந்த வீட்டில் படுத்தாலும் பொலிஸ் பதிவு வேண்டும். எங்களுக்கு வெள்ளவத்தை விலாசத்தில் இருக்கிறது. பழனிமுத்து படுப்பது கட்டடத்தில். கட்டடத்துக்கு இலக்கம் இல்லை. இலக்கம் இல்லாத இடத்துக்கு எப்படிப் பதிவது என்று கேட்டார்களாம். இலக்கம் கேட்டு மாநகரசபைக்குப் போனால், வீட்டை முடித்துவிட்டு வாருங்கள் என்கிறார்கள்.

வீடு முடிந்தால் இலக்கம். இலக்கம் இருந்தால் பதிவு. பதிவு இருந்தால் காவல்காரன். காவல்காரன் இருந்தால்தான் வீடு முடியும். சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

பழனிமுத்து மலையகத்தில் அற்றன் பக்கத்து ஆள். அறுபது வயது இருக்கும். "நமக்கு என்னாங்கம்மா பயம், அடையாள அட்டை இருக்குங்களே" என்று சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார்.

நவம்பர் 22

மழை. மேலே கொங்கிறீற் சிலாப் போடுவது இந்தக் கிழமையும் இல்லை. முட்டுக் கொடுத்த தடிகளெல்லாம் தண்ணீருக்குள் நிற்கின்றன. அலுப்பு. அலுப்பு என்று எழுதவே அலுப்பாக இருக்கிறது.

டிசம்பர் 19

சிலாப் போட்டாயிற்று!

காலையில் தொடங்கிய மெசின் பொழுதுபடும் வரை நிற்கவில்லை. இருபது பேருக்கு மேல் சோத்துப் பார்சல். நான் றோட்டில் நின்று லொறிக்கு வழிகாட்டினேன். எதிர்வீட்டு றோஸி ஒரு பெரிய கேத்தல் நிறையத் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்தாள். கொட்டாஞ்சேனையிலிருந்து கலியாணம் முடித்து வந்தவள், நல்ல பெட்டை.

மர்ஸூக் பாஸ் இறங்கி வந்து கை கழுவிக்கொண்டு சொன்னார்: "மெடம், மேல சுத்திவர வரம்பு கட்டித் தண்ணி நிப்பாட்டித் தாறேன். ரெண்டு கெழமைக்கு வத்தப்படாது. வெயில் பட்டுக் காஞ்சிச்சோ, வெடிச்சிரும். கைப்புள்ளயப் பாக்குற மாதிரிப் பாக்கணும்."

எனக்கா சொல்கிறார்.

டிசம்பர் 20

இவர் வொறன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பண்டாரவளை, இரண்டாம் வகுப்பு, இரண்டு பேர். கேட்காமலே எழுதுவித்திருக்கிறார்.

"ஏப்ரலோடை எனக்குப் பென்சன். இதுதான் கடைசி. சேர்விஸிலை இருக்கிற ஆளா ஒருக்கால் போவமப்பா."

சிலாப்புக்கு யார் தண்ணீர் விடுவது என்று வாய்வரை வந்தது. இவர் முகத்தைப் பார்த்தேன். எப்போது இவ்வளவு நரைத்தது?

ஓம் என்றேன். பழனிமுத்துவிடம் போய்க் காலையும் பின்னேரமும் ஹோஸ் பிடிக்கச் சொன்னேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். "பாத்துக்கிறேங்கம்மா, நீங்க சந்தோசமாப் போயிட்டு வாங்க" என்றார். இவர் பிணைச்சல்களைப் பேப்பரில் கொட்டிவிட்டுச் சூட்கேசைத் துடைத்தார். விசிலடித்துக்கொண்டு துடைத்தார்.

டிசம்பர் 23, பண்டாரவளை

நேற்றுக் கோட்டை ஸ்டேசனில் பொலிஸ்காரர் சூட்கேசைக் கிளறி, அடிச்சீலை வரை இழுத்துப் பார்த்தார்கள். மூலையிலிருந்து ஒரு ஆணி விழுந்தது. இது என்ன என்று ஒருவன் சிங்களத்தில் கேட்டான். வீடு கட்டுகிறோம் என்றேன். "அப்ப ஏன் போறீங்கள்?" என்றான். நல்ல கேள்விதான்.

ரயில்வே விடுதியில் இரண்டு கம்பளி. குளிர். இன்று காலை எட்டு மணி வரை நித்திரை கொண்டேன். கடைசியாக எப்போது அப்படிக் கிடந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை.

டிசம்பர் 25

தியத்தலாவை வரை தண்டவாளத்தால் நடந்தோம். இவர் ஒவ்வொரு சிக்னலுக்கும் ஒரு கதை வைத்திருக்கிறார். முன்பு கேட்ட கதைகள்தான், ஆனால் சிரித்தேன். ஒரு கடையில் சுடச்சுட ரொட்டியும் கட்டச் சம்பலும். வெயிலும் இல்லை மழையும் இல்லை. பின்னேரம்தான் ஞாபகம் வந்தது — இன்று முழுக்க நான் சிலாப்பை நினைக்கவே இல்லை.

டிசம்பர் 28

எழுதத்தான் வேண்டும்.

ஸ்டேசனிலிருந்து சூட்கேசோடு நேரே கிருலப்பனைக்குப் போனோம். பழனிமுத்துவைக் காணவில்லை. அவருடைய சாரம் கயிற்றில் விறைத்துப்போய்க் கிடந்தது. றோஸி ஓடி வந்தாள்.

"அக்கா, கிறிஸ்மஸுக்கு முதல்நாள் விடிய வீடு வீடாய்ப் பொலிஸ் றவுண்டப். பதிவு இல்லையெண்டு ஆளைக் கொண்டு போயிட்டாங்கள். உங்களுக்கு அறிவிக்க எனக்கு ஒரு நம்பரும் தெரியாது."

இவர் சூட்கேசைப் போட்டுவிட்டுப் பொலிசுக்கு ஓடினார். நான் எங்கே ஓடினேன்? ஏணியால் மேலே. கடவுளே, நான் மேலே ஓடினேன்.

ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது. நடுவில் நீளமாக ஒரு வெடிப்பு, படிக்கட்டுப் பக்கம் இன்னும் இரண்டு. ஹோஸைப் பிடித்து ஊற்றினேன். ஊற்ற ஊற்ற வெடிப்புக்குள் இறங்கியது. அழுதழுது ஊற்றினேன். அந்த மனிசன் எங்கே இருக்கிறார், சாப்பிட்டாரா, அடித்தார்களா, ஒன்றும் என் மண்டைக்குள் இல்லை. கேதீஸின் அறை, கேதீஸின் அறை, அது ஒன்றுதான்.

பொழுதுபட இரண்டு பேரும் ஓட்டோவில் வந்து இறங்கினார்கள். பழனிமுத்துவின் ஒரு கன்னம் வீங்கியிருந்தது. மெல்ல மெல்ல ஏணியில் ஏறி வந்தார். என் கையிலிருந்த ஹோஸை வாங்கினார்.

"மன்னிச்சுக்குங்கம்மா. அங்கன உள்ளுக்க இருக்கிறப்பவும் இதே நெனப்புத்தாங்க. யாரு தண்ணி ஊத்துவாங்கன்னு."

விடுங்கோ, போய்ப் படுங்கோ என்று மட்டும் சொன்னேன். அவர் விடவில்லை. இருட்டும் வரை நின்று ஊற்றினார்.

இவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை பிடித்திருப்பேன்.

1999 ஜனவரி 10

மர்ஸூக் பாஸ் சுத்தியலால் தட்டித் தட்டிக் கேட்டார். நீளத்துக்கும் தட்டினார். அவர் வாய் திறக்குமுன்பே எனக்கு விளங்கிவிட்டது.

"கீழ இருக்கப் பயம் இல்ல மெடம். முட்டெல்லாம் கழட்டினாலும் நிக்கும். ஆனா மேல செவுர் எழுப்ப ஏலா. எழுப்புறதாயீந்தா முழுக்க ஒடச்சிட்டுத் திரும்பப் போடணும்."

இவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். எல்லாம் வொறன்றால் வந்தது என்று நான் சொல்லுவேன் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். சொல்லத்தான் நினைத்தேன். பழனிமுத்து பக்கத்தில் நின்றார். சொல்லவில்லை.

ஜனவரி 11

கேதீஸுக்குச் சொல்லவேண்டாம் என்று இவரிடம் சத்தியம் வாங்கினேன்.

பெப்ரவரி 7

நானே சொல்லிவிட்டேன். ரெலிபோனில் அவன் குரலைக் கேட்டதும் உடைந்துபோய், எல்லாவற்றையும் சொன்னேன். உடைத்துவிட்டுத் திரும்பப் போடுவோம் ராசா, ஒரு வருசம் பிந்தும், அவ்வளவுதான் என்றேன்.

லைன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன்.

"அம்மா, உடைக்காதேங்கோ."

"ஏனடா?"

"நாங்கள் இஞ்சை ஒரு வீடு பாத்து வாங்கி, எழுத்தும் முடிஞ்சுது. மார்ச்சிலை குடி போறம். அவவுக்கு ஆவணியிலை பிள்ளை கிடைக்குது. நீங்கள் மேல்மாடி, மேல்மாடி எண்டேக்கை... எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியாமல் இருந்தனான் அம்மா."

பேரப்பிள்ளை என்று சந்தோசப்பட வேண்டும். பட்டேன். பட்டுக்கொண்டே அழுதேன். இவர் ரிசீவரை வாங்கிக் கதைத்தார். "நல்லது தம்பி, நல்லது தம்பி" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

இவருக்கு முதலே தெரியுமா என்று கேட்டேன். தெரியாதாம். "ஆனா நினைச்சனான்" என்றார்.

பெப்ரவரி 8

அந்த வெடிப்பு விழாமல் இருந்திருந்தால் கட்டி முடித்திருப்பேன். பல்கனிக்கு நிறம் கூட அடித்திருப்பேன். யாருக்கு?

கந்தோருக்குப் போகவில்லை.

ஏப்ரல் 30

இவருக்குக் கடைசி நாள். ஒரு மாலையும் சுவர் மணிக்கூடும் கொடுத்திருக்கிறார்கள். மணிக்கூட்டைச் சூட்கேசுக்குள் பிணைச்சல்களோடு வைத்தோம்.

ஜூன் 24

இலக்கம் வந்தது. தகரத்தில் எழுதிக் கேற்றில் அடித்துவிட்டு, முதல் வேலையாக மூன்று பேரும் பொலிசுக்குப் போனோம். எங்களை எழுத வந்தார்கள். முதலில் இவரை எழுதுங்கள் என்று பழனிமுத்துவை முன்னுக்கு விட்டேன். பெயரை நான்தான் சொல்லிக் கொடுத்தேன். வெளியே வந்து அந்தத் துண்டை இரண்டாக மடித்து அடையாள அட்டையோடு வைத்துக்கொண்டார். எனக்குக் கண் கலங்கியது. வெயில் என்று சொன்னேன்.

செப்டெம்பர் 3

புது வீட்டுக் குடிபூரல். பால் கிழக்குப் பக்கம் பொங்கி வழிந்தது. வந்தவர்களில் பாதிப் பேர் அண்ணாந்து, "மேலை எப்ப?" என்று கேட்டார்கள். மேலே ஒன்றும் இல்லை என்றேன். கம்பிகள் மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. றோஸி தன் உடுப்புகளை அதில் கயிறு கட்டிக் காயப்போடக் கேட்டிருக்கிறாள். காயப்போடட்டும்.

கேதீஸுக்குப் பெண் பிள்ளை பிறந்து இன்றோடு ஒரு கிழமை.

ஒக்டோபர் 24, ஞாயிறு

இரண்டு நாளாக விடாத மழை. ஹோலுக்குள் நடுவில் ஒழுகுகிறது. பெரிய ஒழுக்கில்லை, ஒரு வாளி வைத்தால் போதும். இவர் பேப்பரிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

"பண்டாரவளை ஒழுகுது" என்றார். அந்த வெடிப்புக்கு இவர் வைத்த பெயர் அது.

முதல் நாள் இப்படிச் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. இப்போது நானும் அப்படித்தான் சொல்கிறேன். காலையில் மர்ஸூக் பாஸ் வந்தார். உடைக்காமலே மேலால் தார் பூசித் தரலாமாம். மழை விடட்டும், பூசுவோம் என்றேன். அவசரமில்லை. அவசரமில்லை என்று என் வாயால் வந்ததை நம்பாதவர் மாதிரி என்னைப் பார்த்துவிட்டுப் போனார்.

பின்னேரம் அலுமாரிக்கு மேலிருந்து சூட்கேசை இவர் இறக்கித் துடைத்துக் கட்டிலில் வைத்திருந்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. இந்த முறை வொறன்றும் இல்லை, டிக்கெட் எடுத்துத்தான் போக வேண்டும். திறந்து பார்த்தேன். உள்ளே ஒன்றுமில்லை. பிணைச்சல் எல்லாம் கதவுகளில், மணிக்கூடு சுவரில்.

இவர் குசினியில் பழனிமுத்துவோடு தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். என்னுடைய கம்பளிச் சட்டையையும் இரண்டு சேலையையும் மடித்து உள்ளே வைத்தேன். சத்தமில்லாமல் மூடிவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.