இதற்குக் கீழே வேண்டாம்

உன் உம்மாவின் பழைய போன் என் மேசைமேல் இருக்கிறது. அதைச் சுற்றி வந்த கைக்குட்டையை இன்னும் எடுக்கவில்லை. அவிழ்த்தால் அத்தர் வாசனை வருகிறது. லீவில் ஊருக்கு வரும்போது உன் துப்பட்டாவில் வருமே, அதே வாசனை. போன வாரம் பட்டுக்கோட்டை பஸ்ஸில் இது வந்தபோது மன்னார்குடி ஸ்டாண்டிலேயே நின்று அழுதேன். கொண்டுவந்து கொடுத்த கண்டக்டர் பயந்துபோனார். "என்னம்மா, ஒடஞ்சு போச்சா? நான் பத்திரமாத்தாம்மா வச்சிருந்தேன்" என்றார்.

உடையவில்லை. நான்தான் அதை ஊமையாக்கினேன்.

அதற்கு முந்தின நாள் உம்மா பக்கத்து வீட்டுப் போனிலிருந்து கூப்பிட்டிருந்தார். "புள்ள, அவ பேச மாட்டேங்குறா. அஞ்ச அமுக்குனா கீ கீன்னு கத்துது. என்னான்னு பாரு." நீ இறந்து போனவள் என்பதே அந்தப் பேச்சில் இல்லை. போன் ரிப்பேர், அவ்வளவுதான். சரிம்மா, அனுப்பி வைங்க என்றேன்.

உனக்கு ஞாபகம் இருக்கும், நம் வேலை ஒரு கேசட்டில் தொடங்கியது. தஞ்சாவூரில் ஒரே பெஞ்சில் படித்த காலத்தில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாய். உன் வாப்பா வளைகுடாவிலிருந்து கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிறவர் பெட்டியில் கொடுத்து விடுவார். உம்மா பதில் பேசி, திரும்பிப் போகிறவரிடம் கொடுப்பார். அப்படிக் கொண்டுபோன ஒருவர் புறப்படுவதற்கு முன்பே போட்டுக் கேட்டுவிட்டார். மாமியார் வீட்டில் பட்ட கஷ்டத்தை உம்மா அதில் அழுது சொல்லியிருந்தார். வாப்பா கேட்பதற்குள் தெருவே கேட்டுவிட்டது. "அதுக்கப்புறம் எந்த கேசட்லயும் 'நல்லாருக்கேன், நல்லாருக்கேன்'தான் புள்ள. வாப்பாவுக்கு உம்மாவோட குரல்தான் போச்சு, அதுல உம்மா இல்ல" என்றாய்.

படிப்பு முடிந்ததும் மன்னார்குடியில் உரக்கடை மாடியில் ஓர் அறை பிடித்தோம். யூரியா நெடியில் உட்கார்ந்து, குரலைப் பதிந்து அனுப்பும் செயலியை எழுதினோம். சுற்றுவட்டாரத்தில் பாதிக்குப் பாதி வீட்டில் யாராவது வளைகுடாவில் இருந்தார்கள். பெண்சாதி இங்கே பேசினால் புருஷன் அங்கே கேட்கலாம். நடுவில் யாரும் கேட்கக்கூடாது. உனக்கு அது ஒன்றுதான் முக்கியம்.

இரண்டு கருவிகள் பேசத் தொடங்கும்போது, பேச்சை அடுத்தவர் கேட்காதபடி மூட எந்தப் பூட்டைப் போடுவது என்று முதலில் தங்களுக்குள் ஒத்துக்கொள்ளும். ஒரு பக்கம் "எனக்குப் பழைய பூட்டுதான் தெரியும்" என்றால் மறுபக்கம் இறங்கி வரும். யாரோ ஒருவன் நடுவில் நின்று பொய்யாக அப்படிச் சொன்னாலும் இறங்கி வரும். அதனால் நீ ஓர் எல்லை போட்டாய். இந்தப் பலத்துக்குக் குறைந்த பூட்டென்றால் இணைப்பே வேண்டாம். செயலியின் நிரலில் அந்த வரிக்குப் பக்கத்தில் குறிப்பும் எழுதினாய்: "இதற்குக் கீழே வேண்டாம். யார் கேட்டாலும்."

கேட்கத்தான் செய்தார்கள். பிரவுசிங் சென்டர்காரர் படியேறி வந்தாரே, நினைவிருக்கிறதா? "எங்க சிஸ்டம்லாம் பழசும்மா. ஜனங்க வாசல்ல நிக்கிது. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க." எனக்கு மனசு இளகிவிட்டது. நீ அவருக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னாய்: "அண்ணே, வாய்க்கா கரைய ஒருத்தர் வயலுக்குன்னு வெட்டுனா தண்ணி அவரு வயலோட நிக்குமா? நீங்க சிஸ்டத்த மாத்துங்க, நாங்க வந்து போட்டுத் தர்றோம்." மறுநாள் நீயே போய் ஒவ்வொன்றாகப் புதுப்பித்துக் கொடுத்தாய். கடலோரத்துக்காரிக்கு வாய்க்கால் உதாரணம் எங்கிருந்து கிடைத்தது என்று நான் கேலி செய்தேன். "ஒங்கூட சேந்துதான் கெட்டுப் போயிட்டேன்" என்றாய்.

பிறகு உனக்குக் கல்யாணம், விசா, வளைகுடாவுக்கு விமானம். போகும்போது உம்மாவுக்கு அந்தப் பொத்தான் போனை வாங்கிக் கொடுத்து, ஐந்தில் உன்னை வைத்துவிட்டுப் போனாய். உம்மாவுக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. ஐந்தின்மேல் மட்டும் சின்னப் புடைப்பு இருக்கும், விரலுக்குத் தெரியும்.

காய்ச்சல் என்றார்கள். அவ்வளவுதான் சொன்னார்கள். அங்கேயே அடக்கமும் ஆகிவிட்டது. உம்மா உன் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை, என்னிடம் பாஸ்போர்ட்கூடக் கிடையாது. நீ இல்லை என்பதை நம்புவதற்கு எங்கள் இருவர் கையிலும் ஒன்றுமே இல்லையடி.

உம்மா ஐந்தை அமுக்கி உன் பழைய பேச்சுகளைக் கேட்டுக்கொண்டிருந்தார். அது எனக்குத் தெரியும். அவர் உனக்குப் பதிலும் பேசிக்கொண்டிருந்தார் என்பது அப்புறம்தான் தெரிந்தது. உன் கணக்கில் கேட்கப்படாத பதிவுகள் சேர்ந்துகொண்டே போயின.

இதற்கிடையில் நீ போட்ட எல்லையும் பழசாகிவிட்டது. அந்தக் காலத்துப் பலமான பூட்டை இன்று உடைக்க வழி கண்டுபிடித்துவிட்டார்கள். உயர்த்தியே ஆகவேண்டும். பார்த்தால் எல்லாரும் புதுசுக்கு மாறியிருந்தார்கள். பழைய பூட்டோடு வந்துகொண்டிருந்தது ஒரே ஒரு போன், அதிராம்பட்டினத்திலிருந்து, உம்மாவுடையது. அந்த ஒன்றுக்காகத் தள்ளிப்போட்டேன், மறுபடியும் தள்ளிப்போட்டேன். உன் குறிப்பைத் திரும்பத் திரும்பப் படித்தேன். யார் கேட்டாலும் என்று எழுதினாயே, உன் உம்மா கேட்டால் என்ன செய்வது என்று எழுதினாயா? கடைசியில் உயர்த்தினேன். உம்மாவின் அழுகை இன்னொரு முறை தெருவுக்குப் போகக்கூடாது என்றுதான் உயர்த்தினேன்.

புதுப் பூட்டு தெரிந்த, பொத்தானும் உள்ள போன் எங்கும் இல்லை. தஞ்சாவூரில் கடை கடையாக ஏறி இறங்கினேன். "இப்ப யாருக்கா பட்டன் போன் வாங்குறா?" என்று சிரித்தார்கள். ஒருவழியாக ஒன்று கிடைத்தது. ஐந்தில் உன்னை வைத்து எடுத்துக்கொண்டு நேற்று உம்மாவிடம் போனேன்.

உம்மா அதைத் தடவிப் பார்த்தார். புடைப்பைக் கண்டுபிடித்ததும் விரல் அங்கேயே நின்றது.

"இதுல பேசுனா அவளுக்குப் போகுமா புள்ள?"

"போகும்மா" என்றேன்.

"வேற யாரும் கேக்க மாட்டாங்கள்ல?"

"யாராலயும் கேக்க முடியாதும்மா."

"நீ?"

"நானும் கேக்க மாட்டேன்."

"அப்ப செத்த நேரம் வெளிய நில்லு" என்றார்.

தெருக்கோடிவரை போய் நின்றேன். மீன்காரர் வண்டி என்னைத் தாண்டிப் போனது. திரும்பி வந்தபோது உம்மா முகம் கழுவியிருந்தார். சாப்பிட்டுப் போ என்று கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை உன் கையேதான்.

இன்று உன் கணக்கில் புதிதாக ஒரு பதிவு வந்து கிடக்கிறது, நல்ல பூட்டோடு. அதற்கு மேலே உம்மாவின் கேட்கப்படாத பதிவுகள், அவற்றுக்கும் மேலே வரிசையாக நீ உம்மாவுக்குப் பேசியவை. எல்லாவற்றையும் திறக்கிற சாவி என்னிடம்தான் இருக்கிறது. என்னிடம் உன் குரல் ஒன்றுகூட இல்லை, தெரியுமா? ஒரே அறையில் இருந்தோம், எனக்கு எதைப் பதிந்து அனுப்புவாய்? அங்கே போன பிறகும் நேரில் பேசுவதுபோலப் போனில் பேசித் தீர்த்துவிட்டோம். உன் குரல் எப்படி இருக்கும் என்பது எனக்கு மறந்துகொண்டே வருகிறது. ஒரு பொத்தானை அமுக்கினால் போதும், கேட்டுவிடலாம்.

அமுக்க மாட்டேன். உம்மாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன், உனக்கு அதற்கு முன்பே கொடுத்தேன். ஆனால் எனக்கென்று ஒரே ஒரு வார்த்தையாவது பேசி வைத்துவிட்டுப் போயிருக்கலாமேடி.