லோகு அக்கா வீட்டுக் கம்ப்யூட்டர்

போன சனிக்கிழமை ஒரு பழைய சிபியூவின் பக்க மூடியைக் கழற்றினேன். உள்ளே வெள்ளைத் தூசி அப்பிக் கிடந்தது. காற்றடி காலத்தில், தங்கச் சுரங்கத்துக் கழிவு குவிந்த சயனைடு மேட்டிலிருந்து ஊருக்குள் வருகிற அதே தூசி. ப்ளோயரை வைத்து ஊதியதும் துருவும் மண்ணும் கலந்த ஒரு வாசனை எழுந்தது. அந்த வாசனையோடு நீயும் வந்துவிட்டாய், துப்பட்டாவால் வாயைக் கட்டிக்கொண்டு, "தள்ளி நில்லுடி, உனுக்கு வீசிங் வந்துடும்" என்று சொல்லியபடி.

உன்னை நினைத்து அப்போது கண் கலங்கினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அரைமணி நேரம் கழித்துத் தெரிந்தது வேறு.

நாம் சிநேகிதமானது ரயிலில். மாரிகுப்பத்தில் ஏறினால் பெங்களூர் வரை லேடீஸ் பெட்டியில் எதிரெதிர் சீட். நீ ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் பிரிவில் இருந்தாய், நான் ஒரு ஏற்றுமதி ஆபீசில் பில் அடித்துக்கொண்டிருந்தேன். ஊரடங்கில் பாடமெல்லாம் போனில் என்றானபோது, ஒரே போனை மூன்று பிள்ளைகள் இழுத்துக்கொண்ட வீடுகளை இரண்டு பேரும் பார்த்தோம். உன் கம்பெனி ஓரங்கட்டிய மெஷின்களை நீ கேட்டு வாங்கினாய். சர்ச்சுக்குப் பின்னால் பூட்டிக் கிடந்த அறையை நான் பாஸ்டரிடம் கேட்டு வாங்கினேன். சாவி இரண்டு, உன்னிடம் ஒன்று, என்னிடம் ஒன்று.

அந்த மெஷின்களில் புது விண்டோஸ் ஏறாது. ஏறினாலும் நகராது. கொஞ்ச இடத்திலேயே ஓடக்கூடிய லினக்ஸ் ஒன்றை பென்டிரைவில் கொண்டுவந்து எனக்குக் காட்டினாய். "இன்னாத்துக்குப் பயப்படறே? கேக்கறதுக்கெல்லாம் ஆமான்னு தட்டினு போ. முழுசா அழிக்கவான்னு கேட்டா மட்டும் நின்னு யோசி" என்றாய். நான் ஒவ்வொரு முறையும் நின்றேன். நிற்காதது நீ.

ஸ்கெலட்டன் என்கிற சுரங்கக் குடியிருப்பில் லோகு அக்கா வீட்டுக்கு ஒரு மெஷின் கொடுத்தோம், பேத்தியின் படிப்புக்கு. அக்காவின் கணவர் சுரங்கத்தில் வேலை பார்த்து நெஞ்சு கெட்டவர். நாலு வார்த்தை பேசினால் நிறுத்தி மூச்சு வாங்குவார். மைக்கில் பேசிப் பதிவு செய்வது எப்படி என்று நான்தான் அவருக்குக் காட்டினேன். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசி வைத்தார். சுரங்க லிஃப்டான கேஜில் இறங்கிய முதல் நாள், கல்யாணத்தன்று நைட் ஷிஃப்ட் போனது, எல்லாம். அவர் போன பிறகு அக்கா சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு அதைப் போட்டுக் கேட்பார். "மூச்சு வாங்கறதும் கேக்குதும்மா. பக்கத்துல உக்காந்துகினு கீற மாதிரியே கீது" என்றார் என்னிடம்.

ஒரு வியாழக்கிழமை அந்த மெஷின் ஆன் ஆகவில்லை என்று அறைக்கு வந்தது. ஞாயிறு காலையில் சரியாகித் திரும்பிப் போனது. அன்று மத்தியானமே அக்கா செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்தார். கம்ப்யூட்டர் நன்றாக ஓடுகிறது, உள்ளே அவர் குரல் ஒன்றுகூட இல்லை.

நீ என் பக்கம் திரும்பினாய். "நேத்து இவதான்க்கா புதுசா ஏத்திகினு இருந்தா."

"நான் மூணு மெஷின்லதானேடி போட்டேன்?"

"நாலுடி. நான் பாத்தேன்."

உன் குரலில் கோபம் இருந்திருந்தால் நான் எதிர்த்துப் பேசியிருப்பேன். இரக்கம் இருந்தது. அந்த இரக்கத்தைப் பார்த்துத்தான் நான்கு என்று நம்பினேன். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "பேசச் சொல்லிக் குடுத்தவளும் நீயி. அழிச்சவளும் நீயாம்மா?"

அதற்குப் பிறகு நான் அறைப் பக்கம் போகவில்லை. அக்கா தெருவைத் தவிர்க்க, ஸ்டேஷனுக்குச் சுற்றிப் போனேன். நாலு வருஷம். சர்ச் விழாவில் உனக்குச் சால்வை போட்டபோது கடைசி வரிசையில் நின்று கைதட்டினேன். ரயிலில் நீ என் கையைப் பிடித்து, "விடுடி, யாரும் வேணும்னு செய்யறதில்ல" என்பாய். யாருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாய் அதை?

உனக்கு நோய் முற்றியபோது லீவு போட்டு ஆஸ்பத்திரியில் உன்னோடு இருந்தேன். கஞ்சி ஊட்டினேன், கொட்டியது போக மிச்சமிருந்த முடியை வாரிவிட்டேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடப்பாய். வலியில் பார்க்கிறாய் என்று நினைத்தேன்.

நீ போன பிறகு அறையைப் பார்க்க ஆளில்லை என்று பாஸ்டர் கூப்பிட்டார். பயந்துகொண்டேதான் திரும்பவும் உள்ளே போனேன். போன சனிக்கிழமை வந்த மெஷின் லோகு அக்கா வீட்டுடையது. ரொம்ப மெதுவாக இருக்கிறது என்று பேத்தி பக்கத்து வீட்டாரிடம் கொடுத்தனுப்பியிருந்தாள். இந்த லினக்ஸ், தன்னை ஏற்றிய நாளையும் நேரத்தையும் ஒரு கோப்பில் தானே எழுதி வைத்துக்கொள்ளும். எவ்வளவு பழைய பதிப்பு என்று பார்க்கத்தான் அதைத் திறந்தேன்.

வெள்ளிக்கிழமை, சாயங்காலம் ஆறரை.

அந்த வாரத்தின் ஒரு தேதியையும் நான் மறந்ததில்லை. அன்று ஆறரைக்கு நான் ரயிலில், பங்காரப்பேட்டையைக்கூடத் தாண்டவில்லை. நீ லீவு போட்டு ஊரில் இருந்தாய். கடிகாரம் தப்பாக இருக்குமோ என்று உனக்காக வாதாடியும் பார்த்தேன். அறைச் சுவரில் ஒட்டிய ரிப்பேர் பட்டியலில் அந்த மெஷினுக்கு நேராக, அதே வெள்ளிக்கிழமை தேதியோடு, "கடிகாரத்துக்குப் புது செல் போட்டது, டைம் சரி செய்தது" என்று இருந்தது. உன் கையெழுத்து. சனிக்கிழமை நான் ஏற்றியது மூன்றுதான்.

மறுநாள் லோகு அக்கா வீட்டுக்குப் போனேன். "வாம்மா, உள்ள வா" என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டார்.

"எனுக்குத் தெரியுமேம்மா. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்ன அவளே வந்து சொன்னா. அவசரத்துல பாக்காம தட்டிட்டேன்க்கான்னு கால புடிச்சிகினு அழுதா."

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லலியேக்கா" என்றேன்.

"உன்கிட்டயும் சொல்லிட்டேன்னாளே? அப்புறமும் நீ இந்தப் பக்கம் வரல. பழி போட்டமேன்னு எங்க மேல கோவமா கீறேன்னு நெனச்சினு இருந்தேன்."

கைத்தவறுதலாக ஒன்றை அழித்ததை நான் குற்றமாகவே நினைக்கவில்லை. யாருக்கும் நடக்கும். பயந்துபோய் என் தலையில் போட்டதைக்கூடப் புரிந்துகொள்ளப் பார்க்கிறேன். ஆனால் அழுது மன்னிப்புக் கேட்கப் போன இடத்திலும் ஒரு பொய்யை வைத்துவிட்டு வந்தாயே. அதற்குப் பிறகுதானே என் கையால் கஞ்சி குடித்தாய்?

அக்கா காப்பி கொடுத்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார். "அவர் பேசினது எதுனா உனுக்கு ஞாபகம் கீதாம்மா?"

ஒன்று இருந்தது. மைக் வேலை செய்கிறதா என்று பார்க்க அவர் முதன்முதலில் பேசியது. பேசி முடித்ததும் வெட்கப்பட்டு அழிக்கச் சொல்லிவிட்டார், அதனால் அக்கா அதைக் கேட்டதே இல்லை. "ஹலோ... ஹலோ... லோகு, சாப்ட்டியா?" அவர் நிறுத்தும் இடத்தில் நிறுத்தி, அப்படியே சொன்னேன். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தபா சொல்லும்மா" என்றார். சொன்னேன்.

ஒரு வார்த்தை நீ என்னிடம் கேட்டிருந்தால், கையிலிருந்த கிண்ணத்தைக்கூடக் கீழே வைக்காமல் மன்னித்திருப்பேன். நீ கேட்கவில்லை. கேட்காதவளுக்குக் கொடுக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை. உனக்கென்று இருந்த அந்த மன்னிப்பு, கொடுக்கப்படாமல் என்னிடமே இருக்கிறது.